வீட்டுக் கணினியில் ஓர் அலுவலகம்



வீட்டிலே கணினி ஒன்று வந்து சேர்ந்துவிட்டது. அதிலே கடிதம் எழுதுவதற்கும், வரவு செலவுக் கணக்கு வைப்பதற்கும், பிள்ளைகள் ஒப்படை தயாரிப்பதற்கும் எந்த மென்பொருளை வைத்துக்கொள்வது? இதுவே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். கணினி கற்ற அறிஞர் ஒருவரன்றோ இதைப் பேசவேண்டும், பாடசாலை அதிபர் ஒருவருக்கு இதிலே என்ன வேலை என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். நியாயமான எண்ணமே. நான் கலைப் பட்டதாரி. வரலாறும் தமிழும் படித்தவன். முப்பது வயது கடந்த பின்னரே கணினியின் விசைப்பலகையிற் கை வைத்தவன். ஆயினும், சோறு சமைக்கும் பானை எப்படி இருக்கவேண்டும் என்பதைக் குயவர் மாத்திரந்தான் சொல்லவேண்டும் என்பதில்லை. அன்றாடம் அதிலே உலை வைப்பவரும் சொல்லலாம் அல்லவா? அந்த உரிமையோடு பேசுகிறேன்.

பல்கலைக்கழக அனுமதி வெளியாகும் காலத்திலே பெற்றோர் சிலர் என்னைத் தேடி வருவதுண்டு. அண்மையில் ஒரு தாயார் வந்தார். "சேர், மகளுக்கு வந்தாறுமூலையில் இடம் கிடைத்திருக்கிறது. கடன்பட்டு ஒரு மடிக்கணினி வாங்கியிருக்கிறோம். கடைக்காரர் எல்லாம் போட்டுத்தான் தந்தார். அது போதுந்தானே?" என்று கேட்டார். போதும் என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் 'எல்லாம் போட்டு' என்று அவர் சொன்ன இரண்டு சொற்கள் என்னைத் தடுத்தன. எதைப் போட்டார்கள்? யாருடைய பொருளைப் போட்டார்கள்? அந்தப் பிள்ளை நான்கு ஆண்டுகள் அதிலே எழுதப் போகும் எழுத்து, ஐந்தாம் ஆண்டிலும் அவளுக்குத் திறந்துகொடுக்குமா? இவற்றை அந்தத் தாயாரிடம் கேட்டபோது, அவர் திகைத்துப் போனார். அவரை அனுப்பிவிட்டு, என் வீட்டுக் கணினியைப் பற்றி அதே கேள்விகளை நானே கேட்டுக்கொண்டேன்.

அலுவலக மென்பொருள் தொகுதி என்றால் என்ன என்பதை முதலிற் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எழுதுவதற்கு ஒன்று, அதைச் சொல் முறைவழிப்படுத்தி என்று நம் பாடநூல்கள் அழைக்கின்றன, தமிழகத்தார் சொற்செயலி என்பர். கணக்குப் போடுவதற்கு ஒன்று, அது விரிதாள். சபையிலே திரையிற் காட்டிப் பேசுவதற்கு ஒன்று, அது நிகழ்த்துகை. இம்மூன்றும் முன்பு தனித்தனியே விற்கப்பட்டன. 1978 இல் வேர்ட்ஸ்டார் என்னும் எழுத்து மென்பொருளும், 1979 இல் விசிகல்க் என்னும் கணக்கு மென்பொருளும் வெளிவந்தன. பின்னர் 1989 இலும் 1990 இலும் மைக்ரோசொப்ட் நிறுவனத்தார் தம்முடைய மென்பொருள்களை ஒரே கட்டாகக் கட்டி 'ஒபிஸ்' என்று பெயரிட்டு விற்கத் தொடங்கினர். அந்தக் கட்டு உலகெங்கும் பரவியது. நம் ஊரிலே எந்த நிறுவனத்தின் கட்டாயினும் 'ஒபிஸ்' என்றே சொல்லும் வழக்கம் உண்டாயிற்று.

இனி, கடைக்காரர் போட்டுத் தரும் கட்டைப் பற்றி. பெரும்பாலும் அது கள்ளப் பிரதி. சில நூறு ரூபாவுக்கு, சில வேளை இனாமாகவே, கணினியோடு சேர்ந்து வருகிறது. களவு கூடாது என்று காலைக் கூட்டத்திலே பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு, அதிபரின் அறைக்குள்ளே வந்து களவு மென்பொருளிற் புள்ளிப் பட்டியல் தயாரித்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன். அந்தத் தொகையில் நானும் ஒருவன். என் முதற் கணினியை நகரத்துக் கடையொன்றில் அவ்விதமே வாங்கினேன். இரண்டாம் ஆண்டில், தவணைப் பரீட்சை முடிந்து புள்ளிகளை ஒப்படைப்பதற்கு முதல்நாள் இரவு, திரையின் மேலே ஒரு சிவப்புக் கோடு தோன்றி, இந்தப் பிரதி மெய்யானதன்று என்று அறிவித்தது. பார்க்கலாம், எழுதமுடியாது. அன்றிரவு அடிமட்டமும் பேனையுமாக உட்கார்ந்து விடியும்வரை கோடு கீறினேன். அது எனக்குத் தகுந்த தண்டனை. ஆனால் இக்குற்றத்தைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. கள்ளப் பிரதியைத் திறப்பதற்குக் கொடுக்கும் சாவி நிரல்களோடு சேர்ந்து வேறு எதுவும் உள்ளே நுழையலாம். அது உங்கள் கோப்புகள் அனைத்தையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்கலாம். ஆகவே அந்த வழியை இங்கேயே விட்டுவிடுகிறேன்.

ஆயினும், மென்பொருளைத் தெரிவு செய்வதில் எனக்கு உண்மையான பாடம் புகட்டியது அந்தச் சிவப்புக் கோடு அன்று. அது ஒரு கூத்துக் கொப்பி.

என் தாய்மாமன் படுவான்கரையிலே ஒரு கிராமத்தில் அண்ணாவியாராக இருந்தவர். வடமோடிக் கூத்து ஒன்றைத் தம் ஆசானிடம் வாய்மொழியாகக் கேட்டும், பழைய ஏட்டைப் பார்த்தும், பெரிய கொப்பி ஒன்றில் தம் கையாலே எழுதி வைத்திருந்தார். தாளக்கட்டு எங்கே மாறுகிறது, எந்த வரவுக்கு யார் பக்கப்பாட்டு என்பதெல்லாம் ஓரத்திலே குறிக்கப்பட்டிருந்தன. 2002 இல் போர்நிறுத்தம் வந்து பாதைகள் திறந்தபோது, அதனை அச்சேற்றவேண்டும் என்ற ஆசை அவருக்கு உண்டாயிற்று. நகரத்து அச்சகம் ஒன்றிலே கணினியில் தட்டச்சிட்டுக் கொடுத்தார்கள். அச்சுக் கூலிக்குப் பணம் போதவில்லை. பணம் சேர்ந்ததும் வருகிறோம் என்று சொல்லி, தட்டச்சிட்டதை ஓர் இறுவட்டிலே பதிந்து வாங்கிக்கொண்டு வந்தோம். அடுத்த ஆண்டு மாமா காலமானார். இறுவட்டு என் அலுமாரிக்குள் இருந்தது. கொப்பி அவருடைய மகளிடம், அதாவது என் மச்சாளிடம் இருந்தது. மச்சாள் கலியாணம் முடித்து வாழ்ந்த இடம் நாவலடி.

நாவலடியை அறியாத நேயர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு பக்கம் கடல். மறுபக்கம் மட்டக்களப்பு வாவி. நடுவிலே ஒடுங்கிய மணற்றிட்டு. 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி காலை, கடல் எழுந்து அந்தத் திட்டைக் கடந்து வாவிக்குள்ளே இறங்கிற்று. மச்சாளும் பிள்ளைகளும் உயிர் தப்பினார்கள். அதுவே போதும் என்று இருந்த காலம். கொப்பியைப் பற்றி எவரும் பேசவில்லை. எனக்கும் இறுவட்டு இருக்கிறது என்ற ஒரு நிம்மதி இருந்தது. அந்த நிம்மதியோடு இருபது ஆண்டுகள் கழிந்தன.

2024 இல் மாமாவின் ஊர் இளைஞர் சிலர் என் வீட்டுக்கு வந்தார்கள். கூத்தை மீண்டும் களரியேற்ற விரும்பினார்கள். முன்பு ஆடியவர்களில் உயிரோடிருப்பவர் இருவர். அவர்களுடைய நினைவிலே பாதிக் கூத்துத்தான் தங்கியிருந்தது. "மாமா, உங்களிடம் முழுவதும் இருக்கிறதாமே!" என்று கேட்டார்கள். இருக்கிறது என்று பெருமையோடு எழுந்து போய் இறுவட்டை எடுத்து வந்தேன்.

முதற் சங்கடம், இன்றைய மடிக்கணினிகளிலே இறுவட்டுப் போட இடமில்லை. அதற்கான கருவியை அயலிலே இரவல் வாங்கினோம். இறுவட்டு இருபது ஆண்டுகளுக்குப் பின்னும் சுழன்றது. அது நம் அதிர்ஷ்டம். ஆனால் உள்ளிருந்த கோப்பை என் கணினியிலிருந்த எழுத்து மென்பொருள் திறக்கவில்லை. அச்சகத்தார் அந்நாளில் எல்லாரும் பயன்படுத்திய பேஜ்மேக்கர் என்னும் பக்கமாக்கும் மென்பொருளிலே அதனைச் செய்திருந்தார்கள். அந்த மென்பொருளின் கடைசிப் பதிப்பு 2001 இல் வந்தது. அதன் பின்னர் அதனை வளர்ப்பதை உரிமையாளர் நிறுத்திவிட்டார்கள். பூட்டுச் செய்தவர் கடையை மூடிக்கொண்டு போய்விட்டார். பூட்டு நம்மிடம் இருக்கிறது.

என் தமக்கையின் மகன் கணினி பயின்றவன். "மாமா, லிப்ரே ஒபிஸில் ஒருக்கால் போட்டுப் பார்ப்போம்" என்றான். 2015 இல் வெளிவந்த பதிப்பு முதலாக லிப்ரே ஒபிஸ் பேஜ்மேக்கர் கோப்புகளையும் வாசிக்கும் என்பதை அன்றுதான் அறிந்தேன். கோப்புத் திறந்தது. பக்க ஓரத்து அலங்காரங்கள் சிதறிக் கிடந்தன. அதைப் பற்றிக் கவலையில்லை. ஆனால் எழுத்து? திரை முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகள். ஓர் இடத்திலே ஜே, கே, பி, ஓ என்று நான்கு ஆங்கில எழுத்துகளும், அவற்றின் பின்னே ஓர் அரைப்புள்ளியும் நின்றன. அதைக் கண்டதும் மருமகன் சிரித்தான். "மாமா, இது 'தமிழ்' என்ற சொல்!" என்றான்.

நேயர்களே, இது பாமினி எழுத்துருவின் கதை. இலங்கையிலே பல ஆண்டுகளாகத் தமிழ் தட்டச்சிட்டவர்களுட் பெரும்பாலோர் அந்த எழுத்துருவையே கையாண்டார்கள். அதிலே 'த' என்ற எழுத்தைத் தட்டும்போது கணினி தன் வயிற்றுக்குள்ளே வைத்துக்கொள்வது ஆங்கில 'ஜே'. 'ம' என்பது 'கே'. அந்த 'ஜே'க்குத் 'த'வின் முகமூடியை அணிவித்துக் காட்டுவதே எழுத்துரு செய்த வேலை. முகமூடி உள்ள கணினியிலே தமிழாகத் தெரியும். இல்லாத கணினியிலே உளறலாகத் தெரியும். ஒருங்குறி எனப்படும் யூனிகோட் முறை அப்படியன்று. அதிலே 'த'வுக்கு உலகமெங்கும் ஒரே எண். அது 'த'வுக்கே உரியது. 1991 இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. 2000 ஆம் ஆண்டு முதலாக விண்டோஸ் கணினிகளிலும் அதற்கு வழி ஏற்பட்டது. எனினும் பழகிய கை பழகிய வழியே சென்றது. 2002 இல் எங்கள் அச்சகமும் அவ்வாறே சென்றது.

பாமினியை ஒருங்குறிக்கு மாற்றும் மாற்றிகள் இணையத்திலே இலவசமாகக் கிடைக்கின்றன. சென்னையிலே நியூ ஹொரைசன் மீடியா நிறுவனத்தார் வெளியிட்ட மாற்றி ஒன்று பலருக்கும் பழக்கமானது. மாற்றினோம். மாமாவின் கூத்து மீண்டும் தமிழாயிற்று. அன்று எங்கள் வீட்டு விறாந்தையிலே அந்த இளைஞர்கள் முதல் வரவுப் பாட்டைத் திரையிலே பார்த்துப் படித்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

இத்துணை நேரம் இந்தக் கதையைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. பேராசிரியர் வித்தியானந்தன் அவர்கள் பதிப்பித்த மட்டக்களப்பு நாட்டுக்கூத்து 'அலங்காரரூபன் நாடகம்' 1962 இல் அச்சாயிற்று. அந்த நூலின் பிரதி ஒன்று கையிலே கிடைத்தால், இன்றும் அதைத் திறந்து படிக்கலாம். திறப்பதற்கு விரல் போதும். நாற்பது ஆண்டு பிந்திக் கணினியில் ஏறிய மாமாவின் கூத்துக்கோ இரண்டு பூட்டுகள் இருந்தன. ஒன்று கோப்பின் வடிவம். மற்றது எழுத்தின் குறியீடு. வீட்டுக்கு மென்பொருள் தேடுவோர் விலையையும் அழகையும் விசாரிக்கிறார்கள். நான் இப்போது முதலில் விசாரிப்பது இந்த இரண்டு பூட்டுகளைத்தான். நான் எழுதுவது இன்னொரு மென்பொருளிலும் திறக்குமா? நான் தட்டுவது உண்மையிலே தமிழ்தானா?

இரண்டாவது கேள்விக்கு விடை எளிது. எந்தத் தொகுதியை எடுத்தாலும் ஒருங்குறியிலே தட்டச்சிடுங்கள். பாமினி விசைப்பலகையே கைக்குப் பழக்கம் என்றால், அதே விசை அமைப்பிலே ஒருங்குறியை எழுதித் தரும் கருவிகள் உண்டு. முதலாவது கேள்விக்கு விடை காண்பதற்கு, இன்று நமக்கு முன்னே உள்ள தொகுதிகளைச் சற்றுப் பார்க்கவேண்டும்.

மைக்ரோசொப்ட் தொகுதி இப்போது பெரும்பாலும் சந்தாவுக்கே விற்கப்படுகிறது. ஒருமுறை பணம் கட்டி வாங்கும் பதிப்பும் உண்டு. ஆனால் அதற்கும் ஆயுள் எல்லை உண்டு. 2016, 2019 ஆம் ஆண்டுப் பதிப்புகளுக்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியோடு முடிவடைந்தது. சந்தா என்பது வாடகை வீடு போன்றது. வீடு நல்ல வீடுதான்; வாடகையை உயர்த்துவது வீட்டுக்காரர் கையில் இருக்கிறது. அமெரிக்காவிலே தனியொருவருக்கான ஆண்டுச் சந்தா 2025 ஜனவரியில் ஏறத்தாழ 70 டொலரிலிருந்து ஏறத்தாழ 100 டொலராக உயர்ந்தது. சந்தா முடிந்தால் கோப்புகள் அழிவதில்லை, திறந்து படிக்கலாம், அச்சிடலாம், திருத்த முடியாது. டொலரின் விலை ஒரே ஆண்டிலே எங்கே போய் நிற்கக்கூடும் என்பதை 2022 இலே அனுபவித்த நமக்கு, டொலரிலே வாடகை கட்டுவது எப்படிப்பட்டது என்று நான் விளக்கவேண்டியதில்லை. ஆயினும் அலுவலகங்களிலிருந்து வரும் படிவங்களும் விரிதாள்களும் பெரும்பாலும் அந்தத் தொகுதியிலேயே செய்யப்பட்டவை. அவற்றை அன்றாடம் நிரப்பித் திருப்பி அனுப்புவதே தொழிலாக உள்ளவருக்கு அந்தச் செலவு வீண் செலவு அன்று. பல்கலைக்கழக மாணவர்களுக்கு இன்னொரு சொல்: பணம் கட்டுமுன், உங்கள் கல்வி நிலையம் மாணவருக்கென்று உரிமம் பெற்றிருக்கிறதா என்று விசாரியுங்கள். சில நிலையங்கள் பெற்றிருக்கும். பிள்ளைகள் அறியாமலே இருப்பார்கள்.

இணையத்திலே எழுதும் முறை இன்னொன்று. கூகிள் டொக்ஸ் என்பது 2006 இல் தொடங்கியது, பணம் இல்லை. இருவர் வேறு வேறு ஊரிலிருந்து ஒரே பக்கத்தைத் திருத்தலாம். மட்டக்களப்பிலிருந்து தகப்பனும் ரொறன்ரோவிலிருந்து மகனும் கலியாண அழைப்பிதழை ஒரே நேரத்திலே திருத்தியதை நான் பார்த்திருக்கிறேன். முகூர்த்த நேரத்தை மகன் மாற்ற, தகப்பன் மீண்டும் மாற்ற, அது ஒரு வேடிக்கை. அதிலே வாயாற் சொன்னால் எழுதிக்கொள்ளும் வசதியும் உண்டு. மொழிப் பட்டியலிலே இந்தியத் தமிழ் வேறாகவும் இலங்கைத் தமிழ் வேறாகவும் நிற்கக் கண்டு வியந்தேன். முதுமையாற் கண் மங்கியவர்களுக்கு இது பெரிய உபகாரம். ஆனால் எழுத்து நம் வீட்டில் இருப்பதில்லை. வேறொருவர் களஞ்சியத்திலே இருக்கிறது. கடவுச்சொல் போனால் கதவும் போயிற்று. இணையம் இல்லாதபோதும் எழுதலாம் என்றாலும், அதற்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்திருக்க வேண்டும். 2022 மார்ச்சிலே நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்சாரம் நின்ற நாட்களில், இந்த ஏற்பாட்டின் அருமையைக் கண்டோம். இதை எழுதுபவர்கள் மாதம் ஒருமுறையாவது தம் கோப்புகளை இறக்கி வீட்டிலும் ஒரு பிரதி வைத்துக்கொள்வது நன்று.

டபிள்யூ. பி. எஸ். என்னும் சீனத் தொகுதி ஒன்றும் நம் பிள்ளைகளின் கைத்தொலைபேசிகளிலே பரவலாக உண்டு. இலவசப் பதிப்பிலே விளம்பரம் வரும். அவசரத்துக்கு உதவும், அவ்வளவே என் அபிப்பிராயம்.

இனி, லிப்ரே ஒபிஸ். இதன் பிறப்பு வரலாறு சற்றுச் சுவையானது. ஜேர்மனியிலே லூனபேர்க் என்னும் ஊரிலே, மார்க்கோ போரிஸ் என்னும் பதின்ம வயது இளைஞர் தொடங்கிய சிறு நிறுவனத்திலே 1980களில் இது ஸ்டார் ரைற்றர் என்ற பெயரோடு பிறந்தது. பிறகு ஸ்டார் ஒபிஸ் ஆயிற்று. 1999 இல் அமெரிக்காவின் சண் நிறுவனம் அதை விலைக்கு வாங்கியது. 2000 இல் அதன் மூல நிரல்களை உலகத்தார் அனைவருக்கும் திறந்துவிட்டது. ஓபின் ஒபிஸ் என்று பெயர் மாறிற்று. 2010 இல் சண் நிறுவனத்தையே ஒராக்கிள் நிறுவனம் வாங்கியபோது, இதை வளர்த்து வந்தவர்களிற் பலர் ஐயமுற்று, அதே ஆண்டு செப்ரெம்பரிலே தனி அமைப்பாகப் பிரிந்து, லிப்ரே ஒபிஸ் என்று பெயரிட்டு நடத்தலானார்கள். முதலாளி மாறிமாறி வந்தும் பொருள் அழியவில்லை. நிரல்கள் எல்லார் கையிலும் இருந்ததே காரணம். பேஜ்மேக்கருக்கு நேர்ந்த கதியையும் இதற்கு நேர்ந்த கதியையும் பக்கத்திலே வைத்து எண்ணிப் பாருங்கள். கேரளத்து அரச பாடசாலைகளிலே இத்தகைய கட்டற்ற மென்பொருள்களையே பல்லாண்டுகளாகப் பயிற்றுகிறார்கள். ஜேர்மனியின் வடகோடியிலுள்ள ஷ்லெஸ்விக் ஹொல்ஸ்டைன் மாநில அரசு, தன் அலுவலகக் கணினிகள் ஏறக்குறைய 30,000ஐ இந்தத் தொகுதிக்கு மாற்றுவதாக 2024 இல் அறிவித்தது.

இத்தொகுதி தன் கோப்புகளைத் திறந்த ஆவண வடிவத்திலே சேமிக்கிறது. அவ்வடிவம் 2006 இல் சர்வதேச நியமமாக ஏற்கப்பட்டது. மைக்ரோசொப்ட் தொகுதியின் புதிய கோப்பு வடிவமும் 2008 இல் சர்வதேச நியமமாயிற்று. நேர்மையோடு அதையும் சொல்லத்தான் வேண்டும். மருமகன் எனக்கு ஒரு வித்தை காட்டினான். இவ்விரு வடிவக் கோப்புகளும் உண்மையிலே கட்டிய பொதிகளாம். பெயரின் வாலை மாற்றிப் பொதியை அவிழ்த்தால், உள்ளே நாம் எழுதிய சொற்கள் எந்தச் சாதாரண எழுத்துக் கருவியிலும் படிக்கக்கூடிய விதமாகக் கிடக்கின்றன. அவிழ்த்துக் காட்டினான். அடைப்புக் குறிகளின் நடுவே என் பாடசாலைப் பரிசளிப்பு விழா அறிக்கை ஒருங்குறித் தமிழிலே கிடந்தது. இனி அந்த அறிக்கையை இழப்பது எளிதன்று. அதைப் படிப்பதற்கு ஆள் கிடைப்பதுதான் அரிது.

லிப்ரே ஒபிஸிலே குறையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. பிறர் தொகுதியிலே செய்த படிவத்தைத் திறந்தால் அட்டவணைக் கோடு சற்று நகரும். இரண்டு பக்கக் கடிதம் மூன்றாம் பக்கத்திலே ஒரு வரியைத் தள்ளும். தமிழ் எழுதுவோருக்கு ஒரு விசேஷத் தொல்லையும் உண்டு. அது தமிழை ஆங்கிலத்தோடு சேர்க்காமல், சிக்கலான எழுத்தமைப்பு என்னும் தனி வகுப்பிலே வைத்திருக்கிறது. ஆகவே பந்தி அமைப்பிலே எழுத்தின் அளவைப் பெருப்பித்துவிட்டு, ஏன் தமிழ் பெருக்கவில்லை என்று நான் ஒரு மாலை முழுவதும் மல்லாடினேன். ஆங்கிலத்துக்கு ஓர் இடத்திலும் தமிழுக்கு வேறிடத்திலுமாக இருமுறை சொல்லவேண்டும் என்பது பின்னரே தெரிந்தது. ஒருமுறை அமைத்துவிட்டால் மறுபடி தொல்லையில்லை. மற்றொன்று: பழைய விண்டோஸ் 7, 8 கணினிகளிலே 2025 ஓகஸ்டிலிருந்து வெளிவரும் பதிப்புகள் ஓடமாட்டா, அத்தகைய கணினி உடையோர் அதற்கு முந்திய பதிப்பை வைத்துக்கொள்ளவேண்டும்.

என் மனைவியார் வயற்கணக்கை விரிதாளிலே வைத்திருக்கிறார். மாரிப் போகத்துக்கு வாங்கிய பசளையின் கணக்கு மே மாதத்திலே போய் நிற்கிறது என்று ஒருநாள் குறைப்பட்டார். பார்த்தால், டிசெம்பர் ஐந்தாம் திகதி என்று அவர் இட்டதை, மே பன்னிரண்டு என்று கணினி எடுத்துக்கொண்டிருக்கிறது. அமெரிக்கர் மாதத்தை முன்னே எழுதுவதல்லவா வழக்கம்! இதற்கு மென்பொருளைக் குறை சொல்லிப் பயனில்லை. எந்தத் தொகுதியாயினும் முதல் வேலையாக நாட்டை இலங்கை என்று அமைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் வெள்ளாமை வெட்டு முந்தியும் விதைப்புப் பிந்தியும் வந்து நிற்கும்.

இவையெல்லாம் கேட்டபின், "அதிபர் அவர்களே, எதை வைத்துக்கொள்வது என்று ஒரே சொல்லிற் சொல்லுங்கள்" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. என் வீட்டிலே லிப்ரே ஒபிஸ் இருக்கிறது. வெளிநாட்டு உறவினரோடு சேர்ந்து எழுதும் வேளையிலே கூகிள் டொக்ஸ். பாடசாலை அலுவலுக்குரிய படிவங்களை மாத்திரம் பாடசாலைக் கணினியிலுள்ள உரிமம் பெற்ற மைக்ரோசொப்ட் தொகுதியிலே முடித்துவிட்டு வருகிறேன். உங்கள் வீட்டுக்கு இது அப்படியே பொருந்தும் என்று நான் விதிக்கவில்லை. சட்டி பானை வாங்குவோர் சுண்டிப் பார்த்து வாங்குவதுபோல, நீங்களும் சுண்டிப் பாருங்கள். உங்கள் கோப்புகளில் மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: பிள்ளையின் ஒப்படை ஒன்று, வீட்டுக் கணக்கு ஒன்று, நீண்ட தமிழ் எழுத்து ஒன்று. அவற்றைப் புதிய தொகுதியிலே திறந்து, திருத்தி, சேமித்து, மற்றவர் கணினியிலே திறந்து பாருங்கள். பக்கம் கலையாமல் மற்றவர் படிக்கவேண்டியதாயின் பி.டி.எப். ஆக அனுப்புங்கள், அவர் திருத்தவேண்டியதாயின் மாத்திரம் மூலக் கோப்பை அனுப்புங்கள். இந்த ஒரு வழக்கத்தாலே பாதித் தொல்லை தீர்ந்துவிடும்.

அந்தத் தாயாரின் மகளுக்கும் இவ்வாறே செய்து கொடுத்தோம். கள்ளப் பிரதியை நீக்கினோம். கட்டற்ற தொகுதியை இட்டோம். ஒருங்குறியிலே தட்டச்சிடப் பழக்கினோம். முதல் வாரம் எனக்கு நாள்தோறும் தொலைபேசி வந்தது. இப்போது வருவதில்லை.

கூத்துக் கொப்பியின் செய்தியையும் சொல்லி முடிக்கிறேன். மாற்றி மாற்றித் தந்தது முழுவதும் பிழையற்றதன்று. பழைய தட்டச்சாளர்கள் 'ர்' என்ற எழுத்துக்குப் பதிலாகக் காலைத் தட்டி அதன்மேற் புள்ளி வைத்துவிடுவது வழக்கம்; கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு அவை வேறு வேறு. 'அவர்' என்று தேடினால் ஓர் 'அவரும்' அகப்படமாட்டார். அத்தகைய இடங்களை ஒவ்வொன்றாகத் திருத்தவேண்டியிருந்தது. தாளக்கட்டுக் குறிப்புகளைத் தட்டச்சாளர் விட்டுவிட்டிருக்கிறார். அவை கொப்பியோடு போயின. அவற்றை எங்கிருந்து மீட்பது என்று கலங்கியிருந்தபோது மச்சாள் வந்தார். சிறுவயதிலே தகப்பனார் பழக்கும்போது திண்ணையிலிருந்து கேட்டவர். நான் திரையைப் பார்த்துப் பாட்டை வாசிக்கிறேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு தொடையிலே தட்டித் தாளத்தைச் சொல்கிறார். மருமகன் அதைப் பக்கத்திலே எழுதிச் சேர்க்கிறான். திறந்த ஆவண வடிவத்திலே ஒரு பிரதி, பி.டி.எப். ஆக ஒரு பிரதி, கடதாசியில் அச்சிட்டு ஒரு பிரதி. கடதாசிப் பிரதியை மச்சாள் கேட்டு வாங்கிக்கொண்டார். கணினிப் பிரதியிலே அவருக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. நான் வற்புறுத்தவில்லை.

இன்னும் பதினொரு பக்கங்கள் இருக்கின்றன. வருகிற வெள்ளிக்கிழமை மாலை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.